டர்பனில் கடல் திடீரெனக் குளிர்ந்தால்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கரையிலிருந்து சிறு படகுகளில் மீன்பிடிக்கச் செல்வோருக்குப் பாதுகாப்புப் பயிற்சி அளித்து வருகிறேன். இசிப்பிங்கோவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், தூண்டில் போடுமுன் வாளியில் கடல்நீரை மொண்டு கையை விட்டுப் பார்ப்பார். ஒரு நாள், "முந்தாநாள் வெதுவெதுப்பாக இருந்தது தம்பி, இன்றைக்குச் சில்லிட்டுக் கிடக்கிறதே, அண்டார்டிகாத் தண்ணீர் வந்துவிட்டது என்கிறார்களே?" என்றார். வெப்பமானி 19 பாகை காட்டியது. இரண்டு நாள் முன்பு அதே இடத்தில் 24.

அண்டார்டிகாப் பக்கத்து நீர் வெப்பக் கடலுக்குள் வருவது உண்மைதான், ஆனால் டர்பன்வரை அல்ல. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையோரமாகத் தெற்கே ஓடிவரும் வெப்பமான அகுல்ஹாஸ் நீரோட்டம், கண்டத்தின் தென்முனைக்குக் கீழே கிழக்கே திரும்பி வளைந்து நெளிந்து செல்கிறது. அந்த நெளிவுகளில் தெற்குப் பக்கத்துக் குளிர்நீர் சில வேளைகளில் வட்டமாகத் துண்டித்துக்கொண்டு, கடிகார முள் திசையில் சுழன்றபடி வடக்கே நகர்கிறது. சுழல் இடம்பெயரும் வேகத்தைவிட அதனுள் நீர் சுற்றும் வேகம் மிக அதிகம் என்பதால், நடுவிலுள்ள நீர் எளிதில் வெளியேற முடியாமல், பிறந்த இடத்தின் குளிர்ச்சியையும் குறைந்த உப்பையும் மாதக்கணக்கில் சுமந்து செல்கிறது. இதை நன்னீர் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள், குடித்தால் தெரியும். சுற்றியுள்ள வெப்பநீரில் கிலோவுக்கு 35 கிராமுக்கு மேல் உப்பு இருக்க, இதில் ஏறத்தாழ 34 கிராம், அவ்வளவுதான் வித்தியாசம். எதிர்ப்பக்கமாக, அதே ஓட்டத்திலிருந்து பிரியும், 200 கிலோமீட்டருக்கும் மேல் அகன்ற அகுல்ஹாஸ் வளையங்கள் என்னும் சுழல்கள் வெப்பமும் உப்பும் மிகுந்த நீரை அட்லாண்டிக்குக்குள் கொண்டுபோகின்றன.

பெரியவரின் வாளிக்குள் வந்த குளிர் வேறு வகை. டர்பனுக்குத் தெற்கே, கரைக்கும் அகுல்ஹாஸ் ஓட்டத்துக்கும் இடையில் அவ்வப்போது உருவாகும் டர்பன் சுழலும் கடிகார முள் திசையில்தான் சுற்றுகிறது. தென்னரைக்கோளத்தில் அப்படிச் சுற்றும் சுழலின் நடுவே கடல்மட்டம் சற்றுத் தாழ்ந்திருக்கும். அடியிலுள்ள குளிர்நீர் மேல்நோக்கி எழும். இந்தச் சுழல் தொலைவிலிருந்து குளிரைச் சுமந்து வருவதில்லை, அங்கேயே ஆழத்திலிருந்து தூக்கித் தருகிறது. காற்றுக்கும் இதில் பங்குண்டு. கடலாய்வாளர்கள் லுட்யெஹார்ம்ஸும் ராபர்ட்ஸும் 1988இல் விவரித்த நட்டால் துடிப்பு என்னும் பெரும் நெளிவு இதைவிடப் பெரியது: அகுல்ஹாஸ் ஓட்டத்தையே கரையிலிருந்து வெகுதூரம் தள்ளிவிட்டு, தென்மேற்காக நகர்ந்து செல்லும்.

படகோட்டிக்கு முக்கியமானது குளிரைவிடத் திசை. இயந்திரம் நின்றால் அகுல்ஹாஸ் தெற்கே இழுத்துச் செல்லும் என்று எல்லோரும் கணக்கு வைத்திருக்கிறார்கள். சுழலின் கரையோரப் பகுதியிலோ நீர் வடகிழக்காக ஓடும். உதவிக்கு அழைக்கும்போது பழக்கத்தில் தெற்கு என்று சொல்லிவிட்டால், தேடும் படகு எதிர்ப்பக்கம் போய்விடும். ஆகவே, நீர் திடீரெனக் குளிர்ந்திருந்தால், வலையோ தூண்டிலோ இறக்குமுன் பத்து நிமிடம் இயந்திரத்தை விசைநீக்கி மிதக்கவிட்டு, ஜிபிஎஸ் திரையில் படகு எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பெரியவர் இப்போது வாளியோடு அதையும் பார்க்கிறார்.