பிள்ளையைக் கூட்டிப் போய்விட்டாரா? ஸ்டேஷன் வாசலில் நாளைக் கழிக்காதீர்கள்

நீலகிரியில் பந்தலூர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டில் குடியிருந்த பெண். புருஷன் ஆறு வயது மகனைத் தூக்கிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். இவர் மகனின் புத்தகப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே ஸ்டேஷனுக்கு நடந்தார். "அப்பாதானே கூட்டிட்டுப் போயிருக்கார், பேசி முடிச்சுக்கோங்க" என்று நாலு தடவை திருப்பி அனுப்பினார்கள். நாலு நாள் கொழுந்துக் கூலி போனதுதான் மிச்சம். மூன்று மாதம் கழித்து ஒரு வக்கீலைப் பார்ப்பதற்குள் பையனை அங்கேயே பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். ஓர் இடத்தில் பழகிவிட்ட குழந்தையைப் பெயர்த்தெடுக்க எந்த நீதிபதியும் யோசிப்பார்.

குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்யப் போலீசுக்கோ ஊர்க்கூட்டத்துக்கோ அதிகாரம் இல்லை. 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டப்படி நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். எல்லா மதத்தினருக்கும் இந்த வழி உண்டு. இந்துக்களுக்கு 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர், பாதுகாவலர் சட்டமும் சேரும். குழந்தையின் நலன்தான் அளவுகோல். ஸ்டேஷனில் புகார் கொடுத்ததற்கான சிஎஸ்ஆர் ரசீது மட்டும் கேட்டு வாங்குங்கள். பிள்ளை என்றைக்கு உங்கள் கையை விட்டுப் போனது என்பதற்கு அது சாட்சி.

"அஞ்சு வயசு வரைக்கும் அம்மாவுக்கு, அப்புறம் அப்பாவுக்கு" என்று பெரியவர்கள் சொல்வதை நம்பிப் பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். 1956 சட்டம் சொல்வது, ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்பதுதான். ஐந்து முடிந்ததும் அப்பாவிடம் ஒப்படைக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. சம்பளம் குறைவு என்பதற்காக மட்டும் தாயை ஒதுக்கவும் முடியாது.

முத்திரைத்தாளில் "குழந்தையை விட்டுக்கொடுக்கிறேன்" என்று கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். அது நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது, சரி. ஆனால் விசாரணையில் அதையே உங்கள் முகத்துக்கு நேரே நீட்டுவார்கள்.

குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்தில்தான் மனு போட வேண்டும். கூடலூர் தாண்டி வயநாட்டுக்குக் கொண்டுபோய்விட்டு "இங்கேதான் வளர்கிறான்" என்று அங்கே வழக்குப் போடுவது பழைய தந்திரம். தடுப்பூசி அட்டை, அங்கன்வாடிப் பதிவு, பள்ளி வருகைச் சான்று எல்லாவற்றையும் இன்றைக்கே நகல் எடுத்து வையுங்கள்.

முகவரியில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். நீங்கள் கோத்தகிரியில் அம்மா வீட்டில் இருப்பீர்கள். அவர் போட்ட வழக்கின் சம்மன் பழைய லைன் வீட்டு எண்ணுக்குப் போய், தோட்ட ஆபீஸ் மேசையில் கிடக்கும். நீங்கள் வரவில்லை என்று ஒருதலைப்பட்சமாக உத்தரவாகிவிடும். அப்படி நடந்திருந்தால், தெரிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அதை ரத்து செய்யக் கேட்டு மனு போடுங்கள்.

இலவச சட்ட உதவிக்குப் போனால் சில இடங்களில் "வருமானச் சான்று கொண்டு வாங்க" என்று தாலுகா ஆபீசுக்கு விரட்டுகிறார்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தில் வருமான வரம்பே கிடையாது. அதை அழுத்திச் சொல்லுங்கள். அப்படியும் அனுப்பினால் அங்கேயே நின்று சட்ட உதவி எண் 15100-க்குப் போன் போடுங்கள்.

முதல் மனுவோடு இடைக்கால மனுவும் கட்டாயம் வேண்டும். வழக்கு முடியும்வரை வாரம் ஒரு நாளாவது பிள்ளையைப் பார்க்கவும் வீடியோ காலில் பேசவும் கேளுங்கள். ஜீவனாம்சம் தனி வழக்கு. அவர் பணம் தரவில்லை என்று பிள்ளையைக் காட்ட மறுத்தால் பழி உங்கள் மேல் வந்துவிடும்.

பிள்ளை உங்களிடம் இருந்து, பழைய பள்ளி டிசி தராமல் இழுத்தடித்தால் காத்திருக்க வேண்டாம். எட்டாம் வகுப்புவரை டிசி தாமதத்தைக் காரணம் காட்டி அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்கக் கூடாது.

அப்புறம், வாய்தா நாள். மழைக்காலத்தில் மண் சரிந்து ஊட்டி ரோடு அடைத்துவிட்டால் திரும்பி வீட்டுக்குப் போய்விடாதீர்கள். பஸ் நிற்கும் இடத்திலேயே ஒரு போட்டோ எடுத்து வக்கீலுக்கு அனுப்பி, வழக்கைக் கூப்பிடுவதற்கு முன்பே வேறு தேதி கேட்டு மனு போடச் சொல்லுங்கள்.