பக்கத்திலேயே கிணறு, தீயணைப்பு வண்டி ஏன் டவுனுக்குத் திரும்பியது?

ஈரோட்டுப் பக்கமிருந்து ஒரு வாசகர் கொஞ்சம் கோபமாகவே கேட்டிருக்கிறார்: “வைக்கோல் போர் எரிகிறது. பக்கத்திலேயே கிணறு, நாற்பதடி ஆழத்தில் தண்ணீர். வந்த தீயணைப்பு வண்டியோ, தொட்டி காலியானதும் டவுனுக்குப் போய் நிரப்பிக்கொண்டு வந்தது. அவ்வளவு பெரிய வண்டியில் ஒரு பம்ப் இருக்காதா?”

இருக்கிறது, நல்ல பலசாலிப் பம்ப்தான். நாற்பதடி என்கிறாரே, சிக்கல் அங்கேதான்.

முதலில் சின்னக் கணக்கு. சிறிய ஊர்களின் நிலையங்களில் நிற்கும் வண்டி பெரும்பாலும் 4,500 லிட்டர் கொள்ளும். பம்ப் முழு மூச்சாக ஓடினால் நிமிடத்துக்கு 1,800 லிட்டர், அதாவது இரண்டரை நிமிடத்தில் தொட்டி காலி. சிக்கனமாக அடித்தாலும் பத்து நிமிடம் ஓடினால் பெரிது. அதற்குப் பிறகு ஏரியோ குளமோ கிணறோதான் கதி, ஏனென்றால் தீயணைப்புக்கென்றே குழாய்நீர் தரும் தெருவோர ஹைட்ரண்ட் நம் சிற்றூர்களில் அபூர்வம்.

அதற்காகவே வண்டியில் தடித்த, வரிவரியான கறுப்புக் குழாய்கள் சில கட்டியிருக்கும். தீயில் அடிக்கிற குழாய் துணிபோல மடங்கும், இது மடங்காது. உள்ளே கம்பிச்சுருள் வைத்திருப்பார்கள். காரணம், இந்தக் குழாய்க்கு வெளியே இருக்கும் அழுத்தம் உள்ளே இருப்பதைவிட அதிகம். சாதாரணக் குழாயாக இருந்தால் சப்பிப் போய்விடும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறோம். பம்ப் தண்ணீரை இழுப்பதே இல்லை! ஸ்ட்ரா போட்டு இளநீர் குடிக்கும்போது நாம் செய்வது ஸ்ட்ராவுக்குள் இருக்கும் காற்றைக் குறைப்பது மட்டும்தான். வெளிக்காற்று இளநீரை அழுத்தி மேலே ஏற்றிவிடுகிறது. தீயணைப்பு வண்டியிலும் இதே கதைதான். பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் என்ற இறக்கைச் சக்கரம் தண்ணீரை ஓரத்துக்கு வீசியடிக்கும், நடுவில் அழுத்தம் குறையும், அந்த இடத்துக்கு வெளிக்காற்று கிணற்றுத் தண்ணீரை ஏற்றிவிடும். ஆனால் குழாயில் வெறும் காற்று இருந்தால் இம்பெல்லர் எவ்வளவு சுற்றியும் பயனில்லை. காற்று அவ்வளவு லேசு, வீசியெறிய அதில் கனமே இல்லை. “மோட்டார் ஏர் வாங்கிடுச்சு” என்று விவசாயிகள் சொல்வது இதைத்தான். அவர்கள் மேலேயிருந்து ஒரு குடம் தண்ணீர் ஊற்றிச் சரிசெய்வார்கள். தீயணைப்பு வண்டியில் அந்தக் காற்றை வெளியேற்ற பிரைமர் என்று தனியாக ஒரு சின்னப் பம்பே உண்டு. அது ஓட ஓட, அழுத்தம் காட்டும் மீட்டரின் முள் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும், தண்ணீர் குழாயில் ஏறும்.

எவ்வளவு உயரம் ஏறும்? பம்புகள் சுமார் பத்து மீட்டருக்கு மேல் தண்ணீரை ஏற்றுவதில்லை என்பது கலிலியோவுக்கே தெரிந்திருந்தது. நீர்த்தூண் தன் கனம் தாங்காமல் அறுந்துவிடுகிறது என்று அவர் நினைத்தார். அவருடைய சீடர் டாரிசெல்லிதான் 1644-இல் சரியான காரணத்தை எழுதினார்: நாம் காற்றுக் கடலின் அடியில் வாழ்கிறோம், அந்தக் கடலின் கனம்தான் திரவத்தை மேலே தள்ளுகிறது. அந்தக் கனம் 76 செ.மீ. பாதரசத்தைத் தாங்கும். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம். பெருக்கினால் 10.3 மீட்டர் வரும். எத்தனை குதிரைசக்தி இஞ்சின் பூட்டினாலும் இதற்கு மேல் நகராது, காரணம் வேலை செய்வது இஞ்சின் அல்ல, வானம்.

நடைமுறையில் இது ஏழு மீட்டர், அதாவது இருபத்துமூன்று அடி அளவில் நின்றுவிடும். குழாயின் உராய்வு, வடிகட்டி, இணைப்பில் தேய்ந்த ஒரு வாஷர் என்று ஆளுக்குக் கொஞ்சம் தின்றுவிடுகின்றன. வாஷர்தான் பெரிய வில்லன். தண்ணீர் வெளியே ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும். இங்கே காற்றல்லவா உள்ளே ஒழுகுகிறது, எங்கே என்று தேடுவது? இதையெல்லாம் மீறி வேகத்தைக் கூட்டினால், அழுத்தம் குறைந்த இடத்தில் தண்ணீர் சூடேறாமலே கொதித்துக் குமிழியாகும். குமிழிகள் நொறுங்கும்போது பம்புக்குள் ஜல்லி கொட்டியது போலச் சத்தம் வரும், உலோகம் அரிக்கும். ஊட்டியில் இன்னும் மோசம். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் கனமே குறைவு என்பதால் 10.3 மீட்டர் என்ற உச்சவரம்பு எட்டுக்கும் கீழே போய்விடுகிறது.

கொங்கு நாட்டு விவசாயிகளுக்கு இது பாடம் படிக்காமலே தெரியும். நீர்மட்டம் இறங்க இறங்க, அவர்கள் மோட்டாரையும் கிணற்றுக்குள் மேடை கட்டி இறக்கிக்கொண்டே போனார்கள். மேலேயிருந்து உறிஞ்சி ஏற்றுவதற்குத்தான் இந்த வரம்பு, கீழேயிருந்து தள்ளுவதற்கு இல்லை. தண்ணீரில் மிதந்தபடியே மேலே தள்ளும் பெட்ரோல் பம்புகளும் இருக்கின்றன. குளத்துக்கு அவை அருமை. கிணற்றுக்குள் இறக்கினால் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு உள்ளே தேங்கி, இறங்குகிற ஆளைக் கொன்றுவிடும். அப்புறம் அவரைத் தூக்கவும் அதே நிலையத்துக்காரர்கள்தான் வரவேண்டும். நீர்மூழ்கி மோட்டார் போட்ட கிணறு என்றால் அதிலிருந்தே வண்டியை நிரப்பலாம்தான். ஆனால் தீப்பிடித்த இடத்தில் மின்சாரத்தை முதலில் துண்டித்துவிடுவார்களே.

என்னைக் கேட்டால், இருபதடிக்குள் தண்ணீர் நிற்கும் ஊர்க்குளங்களைத் தூர் வாருவதும், வண்டி கரை வரை போக ஒரு பாதை விடுவதும் புதிய வண்டி வாங்குவதற்குச் சமமான செலவினம் என்று அரசு கருத வேண்டும். இன்னொரு எரிச்சலும் உண்டு. கல்யாண மண்டபங்களில் பல்லாயிரம் லிட்டர் சம்ப் கட்டுகிறார்கள். அதை எங்கே தோண்டுவது என்று முடிவு செய்பவர் வாஸ்துக்காரர். அவர் ஈசான மூலை என்பார். அந்த மூலை சமையல்கட்டுக்குப் பின்னால், வண்டி நுழையாத சந்தில் இருந்தாலும் அங்கேதான் தோண்டுவார்கள். உறிஞ்சுகுழாயின் நீளம் வாஸ்து பார்க்காது.