கைக்கெட்டும் தூரம்

புல்தண்டோடு தண்டாகத் தொங்குகிறது கும்பிடுபூச்சி. பக்கத்தில் ஒரு வெட்டுக்கிளி வந்து உட்கார்ந்ததும் அதன் முக்கோணத் தலை மட்டும் மெல்லத் திரும்புகிறது. இப்படிக் கழுத்தைத் திருப்பி முறைக்கிற பூச்சிகள் குறைவு. அப்புறம் நடப்பது நம் கண்ணில் படாது. மடக்கிய முன்னங்கால்கள் நீண்டு, கவ்வி, மூட, நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. பேனாக்கத்திபோல மடங்கும் அந்தக் கால்களின் உள்பக்கம் முழுக்க முள். விஷமெல்லாம் கிடையாது, பிடித்த இரையை உயிரோடேயே தின்னத் தொடங்கிவிடும்.

பெண் பூச்சி சில சமயம் இணையையே தின்பது உண்மைதான். எல்லோரும் பேசுவதும் அதைத்தான். எனக்கென்னவோ அதன் கண்தான் பெரிய அதிசயம். ஒரு சென்டிமீட்டர் தப்பினாலும் இரை பறந்துவிடுமே, தூரத்தை எப்படி அளக்கிறது?

1983இல் சாமுவேல் ரோசல் என்ற ஆய்வாளர் அதன் கண்களுக்கு முன்னால், ஒளியை வளைத்துக் காட்சியை இடம் மாற்றிக் காட்டும் கண்ணாடிப் பட்டகங்களை வைத்துப் பார்த்தார். இரை இருக்கும் தூரத்தை அது தப்பாகக் கணித்தது. ஆக, நம்மைப்போலவே இரண்டு கண்களின் காட்சியையும் ஒப்பிட்டுத்தான் அளக்கிறது. 2016இல் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஜென்னி ரீடின் குழு இன்னும் ஒரு படி போனது. தேன்மெழுகால் குட்டி முப்பரிமாணக் கண்ணாடி ஒட்டி, கும்பிடுபூச்சிக்குப் படம் காட்டினார்கள்! திரைக்கு முன்னால் மிதப்பதுபோலத் தெரிந்த பொய்ப் பூச்சியைப் பிடிக்க அது கையை வீசியது.

சரி, அப்படியானால் நம் பார்வையும் அதன் பார்வையும் ஒன்றா? இல்லை என்று 2018இல் அதே குழு காட்டியது. நாம் இரண்டு கண்களின் படங்களையும் புள்ளிக்குப் புள்ளி பொருத்திப் பார்க்கிறோம். கும்பிடுபூச்சிக்குப் படம் எப்படி இருக்கிறது என்பதில் அக்கறையில்லை. எந்த இடத்தில் மாற்றம் நிகழ்கிறது என்று மட்டும் பார்க்கிறது. இரண்டு கண்களுக்கும் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத படங்களைக் காட்டியபோதும், அசைவு இருந்ததால் தூரத்தைக் கண்டுகொண்டது. செத்த ஈயைப் பக்கத்தில் போட்டால் பெரும்பாலும் திரும்பிப் பார்க்காததற்கும் இதுதான் காரணம் போலும்.

இருட்டிய பிறகு கதை வேறு. பறக்கும் கும்பிடுபூச்சியை வௌவால் துரத்தும். அப்போது உதவுவது காது. பல வகைகளுக்கு இருப்பது ஒரே ஒரு காது, அதுவும் மார்பின் அடியில், கால்களுக்கு நடுவில். நம் காதுக்கு எட்டாத வௌவாலின் மீயொலி அதற்குக் கேட்கும். ஆனால் ஒற்றைக் காதை வைத்துக்கொண்டு சத்தம் வரும் திசையைச் சொல்ல முடியாதே. அதனால் அது திசை பார்ப்பதே இல்லை. சுழன்றபடி நேராகத் தரையை நோக்கிப் பாய்ந்துவிடும்.