மூளை முடக்குவாதமுள்ள குழந்தையின் கைக்கு வேலை கொடுங்கள்

ஒரு வயது நிறைவதற்கு முன்பே ஒரு குழந்தை, கிலுகிலுப்பையை எந்தப் பக்கம் நீட்டினாலும் இடது கையால் மட்டுமே வாங்குகிறது என்றால், அதை இடதுகைப் பழக்கம் என்று எண்ணி விட்டுவிடக் கூடாது. இயல்பான வளர்ச்சியில் ஒன்றரை, இரண்டு வயதை ஒட்டித்தான் எந்தக் கை முதன்மையானது என்பது தெரியத் தொடங்கும். அதற்கு முன்பே ஒரு கை ஒதுங்கி நிற்பதும், கட்டைவிரலை உள்ளே வைத்து விரல்கள் மூடியபடியே இருப்பதும், தவழும்போது அந்தப் பக்கம் பின்தங்குவதும் மூளை முடக்குவாதத்தின் (வளரும் மூளையில் ஏற்படும் பாதிப்பால் உடல் அசைவு சீர்குலையும் ‘செரிப்ரல் பால்சி’), குறிப்பாக உடலின் ஒரு பக்கத்தை மட்டும் பாதிக்கும் வகையின், தொடக்க அடையாளங்களாக இருக்கலாம். குறைமாதத்தில் பிறந்த அல்லது பிறந்தவுடன் அழாத குழந்தைகளிடம் மட்டும் இதைத் தேடினால் போதாது. பிரசவம் சிக்கலின்றி முடிந்த குழந்தைகளிடமும் இந்த நிலை காணப்படுவதுண்டு. பயிற்சி பெற்ற மருத்துவர்களால் பல குழந்தைகளிடம் 6 மாதத்துக்கு முன்பே இதைக் கண்டறிய முடியும். ஆனால் ‘வளர வளரச் சரியாகிவிடும்’ என்ற ஆறுதலை நம்பிக் காத்திருந்து, இரண்டு மூன்று வயதுக்குப் பிறகு வரும் குடும்பங்களைத்தான் அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டாகிய நான் அதிகம் சந்திக்கிறேன்.

வயதை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. மூளையில் ஏற்பட்ட பாதிப்பு காலப்போக்கில் பெருகுவதில்லை. ஆனால் அதன் விளைவு கையில் எப்படி அமையும் என்பது பிறந்த பிறகும் தீர்மானமாகிக்கொண்டே இருக்கிறது. பிறக்கும்போது மூளையின் ஒவ்வொரு பாதியிலிருந்தும் இரண்டு கைகளுக்குமே தண்டுவடம் வழியாக நரம்பிழைகள் செல்கின்றன. முதல் இரண்டு ஆண்டுகளில், அதிகம் வேலை செய்யும் இழைகள் நிலைபெறுகின்றன, மற்றவை பின்வாங்குகின்றன. பாதிக்கப்பட்ட பாதியில் எஞ்சியிருக்கும் இழைகளுக்கு வேலையே கிடைக்காவிட்டால், பிழைத்திருந்தும் அவை தம் இடத்தை இழந்துவிடுகின்றன. சில குழந்தைகளுக்கு இரு கைகளையும் மூளையின் ஒரே பாதி இயக்கும் நிலை இதனால் ஏற்படுகிறது. இவர்கள் ஒரு கையால் பாட்டில் மூடியைத் திருகும்போது மற்றக் கையும் தானாகவே திருகும். அது குறும்பு அன்று. அதற்காகக் குழந்தையைக் கண்டிக்கவே கூடாது.

கை இயங்காமல் போவதற்கு மூளைப் பாதிப்பு ஒரு பாதிக் காரணம்தான். பயன்படுத்தாமை மறு பாதி. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப், குரங்குகளின் ஒரு கையில் உணர்வு நரம்புகளைத் துண்டித்துச் செய்த ஆய்வுகளில், அசைக்கக்கூடிய கையைக்கூட அவை பயன்படுத்தாமல் விட்டுவிட்டதையும், நல்ல கையைக் கட்டி வைத்தபோது மீண்டும் பயன்படுத்தத் தொடங்கியதையும் கண்டார். முயன்று தோற்ற கையை ஒதுக்கிவிட அவை கற்றுக்கொண்டிருந்தன. நம் குழந்தைகளின் நிலை இன்னும் கடினமானது. அவர்கள் அந்தக் கையைப் பயன்படுத்த ஒருபோதும் கற்றதே இல்லை.

இந்த இடத்தில்தான் நம் வீடுகளில் நடப்பதைப் பற்றி வெளிப்படையாகப் பேச விரும்புகிறேன். காலையும் மாலையும் எண்ணெய் தேய்த்து நீவிவிடுவதிலும், மடங்கிய விரல்களைப் பிரித்து எண்ணி எண்ணி நீட்டிவிடுவதிலும் தாய்மாரும் பாட்டிமாரும் செலவிடும் நேரமும் அன்பும் பெரிது. குழந்தைக்கு அது இதமாக இருக்கலாம். ஆனால் பிறர் அசைத்துவிடும் கை எதையும் கற்பதில்லை. தானே எட்டி, தானே பிடித்து, தவறவிட்டு, மீண்டும் பிடிக்கும்போதுதான் மூளை கற்கிறது. இன்றும் சில சிகிச்சை அறைகளில் குழந்தையைப் பாயில் கிடத்திக் கையை நீட்டி மடக்குவதையே முழுப் பயிற்சியாகச் செய்கிறார்கள். கைத்திறன் வளர அது உதவும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

ஆதாரம் வலுவாக இருப்பது வேறு முறைகளுக்கு. நல்ல கைக்கு மென்மையான உறையை மாட்டி, பாதிக்கப்பட்ட கையால் விளையாட வைப்பது ஒன்று. சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ஆன்-கிறிஸ்டின் எலியாசன் குழுவினர் இதைக் கைக்குழந்தைகளுக்கு ஏற்றபடி மாற்றி, நாளொன்றுக்கு அரைமணி நேரம், வாரம் 6 நாள், 6 வாரங்கள், பிறகு ஓர் இடைவெளி, மீண்டும் 6 வாரங்கள் என்று பெற்றோரைக் கொண்டே செய்ய வைத்தனர். உறை நாளெல்லாம் இருக்கக் கூடாது. அது தண்டனையாகவும் மாறக் கூடாது. தெரபிஸ்ட்டின் வழிகாட்டுதல் இன்றி இதைத் தொடங்க வேண்டாம். இரண்டு கைகளும் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு இம்முறை பொதுவாக ஏற்றதன்று.

மற்றொன்று இரு கைப் பயிற்சி. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ கார்டன் குழுவினர் வளர்த்தெடுத்த இந்த முறை, உறை முறையோடு 90 மணி நேர அளவில் ஒப்பிடப்பட்டபோது, இரண்டிலும் கைத்திறன் ஏறக்குறைய ஒரே அளவில் முன்னேறியது. எனக்கு இது பிடித்திருப்பதற்குக் காரணம், இதற்கான பொருள்கள் எல்லாம் நம் சமையலறையிலேயே கிடக்கின்றன. வாழைப்பழத்தை ஒரு கையால் உரிக்க முடியாது. பச்சைப் பட்டாணி உரிப்பதும், சப்பாத்தி மாவைத் தேய்ப்பதும், டிபன் பாக்ஸைத் திறப்பதும், கைக்குட்டையைப் பிழிவதும் அப்படித்தான். பாதிக்கப்பட்ட கை நுட்பமான வேலையைச் செய்ய வேண்டியதில்லை. பிடித்துக்கொள்ளும் கையாக, அழுத்திக்கொள்ளும் கையாக இருந்தாலே போதும். பழத்தின் முனையை முதலில் நீங்கள் கிள்ளிக் கொடுங்கள். அது எளிதானதும் கிள்ளாமல் கொடுங்கள். குழந்தை கொஞ்சம் முயன்றால் முடிகிற அளவில் வேலை இருக்க வேண்டும்.

எவ்வளவு நேரம் என்ற கேள்விக்கு ஆய்வுகள் தரும் விடை இது: பாட்டில் திறப்பது போன்ற ஒரு குறிப்பிட்ட இலக்கை எட்ட ஏறத்தாழ 14 முதல் 25 மணி நேரமும், கையின் பொதுவான திறன் மேம்பட 30 முதல் 40 மணி நேரமும் பயிற்சி வேண்டும். வாரம் ஒருமுறை முக்கால் மணி நேரம் மையத்துக்கு வந்தால் மட்டும் போதும் என்றால் 40 மணி நேரத்துக்கு ஓர் ஆண்டு தாண்டிவிடும். வீட்டில் நாள்தோறும் அரைமணி நேரம் என்றால் 80 நாளில் முடியும். ஆகவே வீட்டுப் பயிற்சியைத்தான் நான் முதன்மையான சிகிச்சை என்று சொல்வேன்.

வலது பக்கம் பாதிக்கப்பட்ட குழந்தை இடது கையால் உண்ணும்போது, பெரியவர்கள் கையைத் தட்டிவிட்டு வலது கையால் சாப்பிடச் சொல்வதைத் தொடர்ந்து காண்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பசியோடு இருக்கும் வேளையில் மிகக் கடினமான வேலையைத் திணித்தால், அந்தக் கையின் மீதே குழந்தைக்கு வெறுப்பு வந்துவிடும். இடது கை உண்ணட்டும். வலது கை தட்டைப் பிடிக்கட்டும்.

தசை இறுக்கம் மிகுந்த கைகளுக்கு மருத்துவர் பரிந்துரைக்கும் பொட்டுலினம் ஊசி சுமார் மூன்று மாதங்களுக்கு இறுக்கத்தைத் தளர்த்தும். அந்த மாதங்களில் பயிற்சி நடக்காவிட்டால் ஊசியால் மட்டும் கைத்திறன் வளராது. கையைச் சரியான நிலையில் தாங்கி வைக்கும் ஸ்ப்ளிண்ட்டும் அவ்வாறே பயிற்சிக்குத் துணைதான். கையால் எதையும் பிடிக்கவே இயலாத குழந்தைகளுக்கு, நன்கு தாங்கும் நாற்காலியும், தடித்த கைப்பிடி கொண்ட ஸ்பூனும், ஒரு பெரிய பொத்தானைத் தட்டினால் இயங்கும் பொம்மையும் செயலுக்கான வாய்ப்பைத் தரும். அவர்களுக்கு நாம் வைக்கும் இலக்கு வேறு, அதன் மதிப்பு குறைந்ததன்று.

தமிழ்நாட்டில், குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து சிகிச்சை தரும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் அரசு மருத்துவமனைகளில் உள்ளன. முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மூளை முடக்குவாதத்தைத் தன் குறைபாடுகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. எந்த மையத்துக்குச் சென்றாலும், குழந்தை சாப்பிடுவதையும் சட்டை போடுவதையும் விளையாடுவதையும் கைப்பேசியில் படம் பிடித்து எடுத்துச் செல்லுங்கள். புதிய இடத்தில் அழும் குழந்தையிடம் காண முடியாததை அந்தப் படம் காட்டிவிடும். ‘கை சரியாக வேண்டும்’ என்று கேட்பதை விட, குழந்தை தானே செய்ய ஆசைப்படும் ஒரு வேலையைச் சொல்லி, அதற்கு வீட்டில் தினமும் என்ன செய்ய வேண்டும் என்று தெரபிஸ்ட்டிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எட்டு வாரம் கழித்து அதே வேலையை மறுபடியும் படம் பிடித்து, இரண்டையும் அவரிடம் காட்டுங்கள்.