ரசிகர் படம் எடுத்தால் வழக்கு வருமா? பதிப்புரிமைச் சட்டம் சொல்வது இதுதான்

பிடித்த படத்தின் நாயகனை வைத்து நாமே ஒரு குறும்படம் எடுக்கிறோம். டிக்கெட் போடவில்லை, விற்கவில்லை. அப்புறம் யார் நம்மைக் கேட்க முடியும்? கடலூரிலும் புதுச்சேரியிலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ளாமல் இறங்கக் கூடாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

உலகம் முழுக்க ரசிகர்கள் இதற்காகச் சண்டை போட்ட வழக்கு ஒன்று உண்டு. அமெரிக்காவின் 'ஸ்டார் ட்ரெக்' என்ற விண்வெளிக் கதைத் தொடரை வைத்து ரசிகர்கள் சிலர் 'ஆக்ஸனார்' என்ற ரசிகர் படத்தைத் தொடங்கினார்கள். 2014இல் முன்னோட்டமாக ஒரு குறும்படம் வந்தது. ரசிகர்களிடமே பத்து லட்சம் டாலருக்கு மேல் நிதி சேர்ந்தது. 2015 டிசம்பரில், தொடரின் உரிமையை வைத்திருந்த பாரமவுன்ட், சிபிஎஸ் இரண்டு நிறுவனங்களும் கலிபோர்னியாவில் வழக்குப் போட்டன. ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். இத்தனை வருடம் அந்தத் தொடரைத் தாங்கிப் பிடித்தது நாங்கள்தானே, எங்கள் மேலேயே வழக்கா என்றது ஒரு தரப்பு. ஊரார் படைத்த உலகத்தைக் காட்டிப் பணம் திரட்டி ஸ்டுடியோ அமைத்தால் அதற்குப் பெயர் வெறும் ரசனையா என்றது மறு தரப்பு.

2017 ஜனவரியில் நீதிபதி, 'நியாயமான பயன்பாடு' என்ற பாதுகாப்பு, அதாவது அனுமதி இல்லாமலே ஓரளவு எடுத்தாளச் சட்டம் தரும் இடம், இந்தப் படத்துக்குக் கிடையாது என்றார். டிக்கெட் விற்காவிட்டாலும், தொடரின் புகழைக் காட்டி நிதி திரட்டியதே மறைமுக ஆதாயம் என்று அவர் எடுத்துக்கொண்டார். படத்தால் வரக்கூடிய வேலைவாய்ப்பையும் சேர்த்துப் பார்த்தார். குறும்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கோடம்பாக்கத்தில் வாய்ப்புத் தேடும் நம் பிள்ளைகள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். ஜூரி விசாரணைக்குப் போகாமல் அதே மாதம் சமரசம் ஆனது. தலா 15 நிமிடத்தில் இரண்டு பகுதி மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று முடிந்தது. அதற்கு முன்பே, 2016 ஜூனில், நிறுவனங்கள் ரசிகர் படங்களுக்கென்று விதிகளை வெளியிட்டிருந்தன. அவற்றின்படி ஒரு கதை 15 நிமிடம், இரண்டு பகுதியானால் மொத்தம் 30. நிதி 50,000 டாலரைத் தாண்டக் கூடாது. நடிப்பவருக்கும் உழைப்பவருக்கும் சம்பளம் இல்லை.

அது அமெரிக்கச் சட்டம். இங்கே நடப்பது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் ஒன்றேதான். அதில் 'ரசிகர் படம்' என்று தனியாக எந்தச் சலுகையும் இல்லை. 52ஆம் பிரிவு சில பயன்பாடுகளை விட்டுவைக்கிறது: சொந்த உபயோகம், ஆராய்ச்சி, விமர்சனம், நடப்புச் செய்தி. ஒரு படத்தைப் பற்றி விமர்சனம் பேசும்போது சிறு காட்சியைக் காட்டுவது இதில் வரலாம். அதே நாயகனுக்குப் புதிதாக ஒரு கதை கட்டி இணையத்தில் ஏற்றுவது சொந்த உபயோகம் ஆகாது. பெயர் பெற்ற பாத்திரங்களுக்குத் தனியாகவே பாதுகாப்பு உண்டு என்று இந்திய நீதிமன்றங்களும் ஏற்றிருக்கின்றன.

நம் ஊர்ப் பக்கம் குழப்பம் வருவது திருவிழா நாடகத்தால். தொழில்முறை அல்லாத மன்றம் ஒன்று, காசு வாங்காமல், இன்னொருவர் எழுதிய நாடகத்தை மேடையில் போட்டால் சட்டம் அதை மீறலாகக் கருதுவதில்லை. கோயிலுக்கு நிதி சேர்க்கப் போடும் நாடகத்துக்கும் இதே சலுகை உண்டு. கடலூர் மாவட்டத்துக் கிராமங்களில் இளைஞர் மன்றங்கள் தைரியமாக நாடகம் போடலாம். ஆனால் இந்தச் சலுகை மேடை நிகழ்ச்சிக்குத்தான். அதே நாடகத்தைப் படமாக்கி யூடியூபில் போட்டால் அது வேறு செயல், வேறு அனுமதி வேண்டும்.

லாப நோக்கம் இல்லை என்பது தண்டனையைத்தான் குறைக்கும், தவறை இல்லாமல் ஆக்காது. தெரிந்தே உரிமையை மீறினால் 63ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபார ஆதாயத்துக்காகச் செய்யவில்லை என்றால் நீதிமன்றம் காரணம் எழுதி, குறைந்தபட்சத்துக்கும் கீழே தண்டனை தரலாம். போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத, நீதிமன்றம் பார்த்துத்தான் தர வேண்டிய குற்றம் இது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சிவில் வழக்கும் உண்டு: தடை உத்தரவு, நஷ்ட ஈடு. உரிமையாளர் தான் தொழில் நடத்தும் ஊரிலேயே வழக்குப் போடச் சட்டம் இடம் தருவதால், கடலூர்ப் பையன் சென்னைக்கு அலைய நேரலாம்.

அனுமதி வாங்க வழி இருக்கிறது. வாய்வார்த்தை போதாது, உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலும் தயாரிப்பாளரே படத்தின் முதல் உரிமையாளர், இயக்குநரோ நாயகனோ அல்ல. நடிகர் மேடையில் "தாராளமா எடுங்க தம்பி" என்றால் மனசுக்குச் சந்தோஷம், சட்டத்துக்குப் போதாது. பாட்டு வேண்டுமென்றால் ஆடியோ நிறுவனத்திடம் தனியாகக் கேட்க வேண்டும். காலத்தையும் எழுதி வாங்குங்கள். எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

எனக்கு இதைவிடப் பிடித்த வழி, சொந்தக் கதை. வெறும் கருவுக்குப் பதிப்புரிமை கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு என்று 1978இலேயே உச்ச நீதிமன்றம் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் தீர்ப்பளித்தது. துறைமுகத்தில் அநியாயத்தை எதிர்க்கும் மீனவர் மகன் யாருக்கும் சொந்தமில்லை. கடலூர் முதுநகர்த் துறைமுகத்தை வைத்து நீங்களும் எழுதலாம். இலக்கியத்திலிருந்து எடுக்க ஆசையா? எழுதியவர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டு உரிமை இருக்கும். திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தன் 1948இல் மறைந்தார், புதுச்சேரியின் பாரதிதாசன் 1964இல். இருவர் எழுத்தையும் இன்று யாரையும் கேட்காமல் படமாக்கலாம். கடலூர்க்காரரான ஜெயகாந்தன் மறைந்தது 2015இல். அவர் கதைக்கு 2075 முடியும்வரை உரிமை வைத்திருப்பவரின் கையெழுத்து வேண்டும்.

ஏற்கெனவே படத்தை ஏற்றிவிட்டு நோட்டீஸ் வந்திருந்தால் பயந்து ஓட வேண்டாம், சும்மாவும் இருக்க வேண்டாம். புகார் போனால் இணையதளம் 36 மணி நேரத்துக்குள் படத்தை முடக்க வேண்டும். 21 நாளுக்குள் புகார்தாரர் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் மீண்டும் திறந்துவிடலாம். அதனால் வழக்கு போடும் உரிமை அவருக்குப் போய்விடாது. ஆதாரமில்லாத மிரட்டல் என்றால் 60ஆம் பிரிவின்படி நீங்களே நீதிமன்றம் போகலாம். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் 15100க்குப் போன் செய்யுங்கள், சட்டப்பணிகள் ஆணையத்தின் உதவி எண் அது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் கிடைப்பார். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. போகும்போது நோட்டீஸ், படத்தின் பிரதி, நிதி திரட்டியிருந்தால் அந்தக் கணக்கு மூன்றையும் கொண்டு போங்கள்.