மயங்கவைத்தல்: ‘ஆப்ஃபஸ்கேஷன்’ என்பதற்குத் தமிழ்

எளிதாகச் சொல்லிவிடக்கூடிய ஒன்றை, கேட்பவருக்குப் பிடிபடாதபடி வேண்டுமென்றே சிக்கலாக்கிச் சொல்வதை ஆங்கிலத்தில் ‘ஆப்ஃபஸ்கேஷன்’ என்பார்கள். இதில் ‘வேண்டுமென்றே’ என்பது முக்கியம். விஷயம் தெரியாமல் உளறுகிறவருக்கும், பதற்றத்தில் வார்த்தை தடுமாறுகிறவருக்கும் இந்தச் சொல் பொருந்தாது. உண்மை என்ன என்று நன்றாகத் தெரிந்த ஒருவர், அது உங்களுக்குத் தெரியக் கூடாது என்று நினைத்துச் செய்கிற வேலை இது.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘ஃபுஸ்குஸ்’ என்றால் கருமை படர்ந்தது, மங்கலானது. ‘ஒப்’ என்ற முன்னொட்டுக்கு ‘மேலே’, ‘எதிரே’ என்று பொருள். இரண்டும் சேர்ந்த ‘ஒப்ஃபுஸ்காரே’ என்ற வினைக்கு ‘ஒன்றின் மேல் இருள் படியச் செய்தல்’ என்று பொருள். 16ஆம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்துக்குப் போனது.

பொருள் இருந்த இடத்திலேயே இருக்கிறது, அதன் மேல் விழுந்த வெளிச்சம்தான் போய்விடுகிறது. பொய்யிலிருந்து இது வேறுபடுவது அங்கேதான். பொய் சொல்பவர் உண்மையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொன்றை வைக்கிறார். அதைப் பிடித்துவிட்டால் அவர் மாட்டிக்கொள்வார். மயங்கவைப்பவர் எதையும் எடுப்பதில்லை. பின்னால் யாராவது கேட்டால், ‘எல்லாம் சொல்லித்தானே இருந்தோம், நீங்கள்தான் சரியாகப் படிக்கவில்லை’ என்று பழியைத் திருப்பிவிடலாம். ஏமாந்தவர் தன்னையே நொந்துகொள்வார். இந்த உத்தியில் எனக்கு மிகவும் கொடுமையாகப் படுவது இதுதான்.

விளம்பரத்தில் இதற்குப் பஞ்சமில்லை. பல நாடுகளில், உணவுப் பொட்டலத்தின் மேல் சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்ததுவரை வரிசையாக எழுத வேண்டும் என்று விதி இருக்கிறது. சர்க்கரைதான் அதிகம் என்றால் அது முதலில் வந்தாக வேண்டும். அதனால் ஒரே வகைச் சர்க்கரையைப் போடாமல் டெக்ஸ்ட்ரோஸ், ஃப்ரக்டோஸ், சோள சிரப், தேன், பழச்சாற்று அடர்வு என்று பிரித்துப் போட்டால், ஒவ்வொன்றும் தனித்தனியே எடை குறைந்து பட்டியலில் கீழே இறங்கிவிடும். முதலிடத்தில் ஏதோ ஒரு தானியம் நிற்கும். பட்டியலில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ‘இதில் சர்க்கரை அதிகம்’ என்ற மூன்று சொல் உண்மை மட்டும் கண்ணில் படாது.

இதைவிடப் பெரிய உதாரணம் சிகரெட். 1954 ஜனவரியில் அமெரிக்கப் புகையிலை நிறுவனங்கள் சேர்ந்து 400க்கும் மேற்பட்ட செய்தித்தாள்களில் ஒரு முழுப் பக்க அறிக்கை வெளியிட்டன. புகைப்பதையும் புற்றுநோயையும் இணைக்கும் ஆய்வுகள் வந்துகொண்டிருந்த நேரம் அது. அறிக்கையின் தொனி மறுப்பு மாதிரி இருக்காது. மக்கள் நலனில் அக்கறை உண்டு, ஆராய்ச்சிக்கு உதவுவோம், அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது என்று பணிவாகப் போகும். 1969இல் ஒரு புகையிலை நிறுவனத்துக்குள் எழுதப்பட்ட குறிப்பு பிறகு வெளியே வந்தது. ‘சந்தேகம்தான் நாம் விற்கும் சரக்கு’ என்ற கருத்து அதில் அப்படியே இருந்தது. மக்கள் மனத்தில் ஏற்கெனவே பதிந்துவிட்ட உண்மைகளோடு போட்டி போட அதுவே சிறந்த வழி என்றும் அந்தக் குறிப்பு சொன்னது.

அப்புறம் வந்தவை ‘லைட்’, ‘மைல்ட்’ சிகரெட்டுகள். அவற்றின் வடிகட்டியில் மிக நுண்ணிய காற்றுத் துளைகள் இருந்தன. சோதனை இயந்திரம் இழுக்கும்போது அந்தத் துளைகள் வழியாக வெளிக்காற்று கலந்து, புகையிலுள்ள ‘தார்’ என்ற நச்சுப் பிசினின் அளவு குறைவாகக் காட்டும். மனிதர் பிடிக்கும்போது விரலும் உதடும் துளைகளை மூடிவிடும். போதவில்லை என்று இன்னும் ஆழமாகவும் இழுப்பார்கள். எண் குறைந்தது, ஆபத்து குறையவில்லை. விட்டுவிடலாமா என்று யோசித்த எத்தனையோ பேர், விடுவதற்குப் பதிலாக ‘லைட்’டுக்கு மாறினார்கள். 2006இல் அமெரிக்க நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர், இந்த நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாகப் பொதுமக்களை ஏமாற்றின என்று தீர்ப்பளித்தார். 2010 ஜூன் முதல் அந்நாட்டில் சிகரெட் பெட்டியில் இத்தகைய சொற்களைப் போடத் தடை வந்தது. ‘புகைத்தால் சாவு’ என்ற இரண்டு சொல்லை மறைக்க அரை நூற்றாண்டு உழைத்திருக்கிறார்கள்.

மென்பொருளில் இந்தச் சொல்லுக்குக் கெட்ட பெயர் கிடையாது. தன் நிரலைப் பிறர் திருடாமல் இருக்க, கணினிக்கு மட்டும் புரிந்து மனிதருக்குப் புரியாதபடி அதை உருமாற்றி வைப்பது அங்கே வழக்கம். படிக்கவே முடியாத நிரலை எழுதுபவருக்குப் பரிசு தரும் போட்டிகூட 1984 முதல் நடக்கிறது.

கிறிஸ்தவ விசுவாசத்துக்கு வருவோம். வேதாகமத்தில் மனிதனை ஏமாற்றும் முதல் பேச்சே இந்த வகைதான். ஏதேன் தோட்டத்தில் ஒரே ஒரு மரத்தைத் தவிர எல்லாவற்றின் கனியையும் உண்ணலாம் என்பது ஆதாம் ஏவாளுக்குத் தேவன் தந்த கட்டளை. சர்ப்பம் வந்து, ‘நீங்கள் தோட்டத்திலுள்ள சகல விருட்சங்களின் கனியையும் புசிக்கவேண்டாம் என்று தேவன் சொன்னது உண்டோ’ என்று கேட்கிறது. முதலில் அது எதையும் மறுக்கவில்லை. ஒரு கேள்விதான் கேட்டது. ‘சாகவே சாவதில்லை’ என்ற நேரடிப் பொய் அதற்குப் பிறகுதான் வருகிறது. குழப்பம் வழியை ஏற்படுத்திக் கொடுத்தது, பொய் அந்த வழியாக உள்ளே வந்தது.

லூக்கா 10ஆம் அதிகாரத்தில் வரும் நியாயசாஸ்திரி, அதாவது யூத வேதச் சட்ட வல்லுநர், இன்னும் நயமானவர். தேவனிடத்தில் அன்பு, பிறனிடத்தில் அன்பு என்று நியாயப்பிரமாணத்தின் சாரத்தை அவரே சரியாகச் சொல்லிவிடுகிறார். அப்படியே செய் என்கிறார் இயேசு. உடனே அவர், ‘எனக்குப் பிறன் யார்?’ என்று கேட்கிறார். தன்னை நீதிமானாகக் காட்டிக்கொள்ள மனதாய்க் கேட்டார் என்று லூக்காவே எழுதிவிட்டார். வரையறை முடிகிறவரை கடமை தொடங்காது அல்லவா? இயேசு வரையறைக்குள் இறங்கவில்லை. அடிபட்டுக் கிடந்தவனையும் அவனுக்கு உதவிய சமாரியனையும் பற்றிச் சொல்லிவிட்டு, ‘நீயும் போய் அந்தப்படியே செய்’ என்று முடித்தார். மாற்கு 7இல் வரும் ‘கொர்பான்’ விவகாரமும் இதே ரகம். பெற்றோருக்குத் தர வேண்டியதைக் காணிக்கை என்று அறிவித்துவிட்டால் அவர்களுக்குத் தர வேண்டியதில்லை என்ற ஏற்பாடு, ‘தாய் தகப்பனைக் கனம்பண்ணு’ என்ற தெளிவான கட்டளையைப் பக்தியின் பெயரால் மூடியது.

விளம்பரமும் விசுவாசமும் ஒரே இடத்தில் சந்தித்த ஆண்டு 1517. பாவமன்னிப்புச் சீட்டு என்று நாம் பொதுவாகச் சொல்லும் பலனைப் பற்றி, திருச்சபையின் போதனையில் நுட்பமான வேறுபாடு ஒன்று இருந்தது. மனந்திரும்பி மன்னிப்புப் பெற்றவர் இன்னும் அனுபவிக்க வேண்டிய தண்டனையைத்தான் அது குறைக்கும். ஆனால் ஜெர்மனியில் யோகான் டெட்ஸெல் என்ற துறவி அதை விற்றபோது, காசு பெட்டியில் விழுந்ததும் ஆத்துமா விடுதலையாகும் என்பதுபோல ஜனங்கள் புரிந்துகொண்டார்கள். தொகையில் பாதி ரோமில் கட்டப்பட்டுவந்த பேதுரு பேராலயத்துக்கும், மறுபாதி மைன்ஸ் பேராயர் வாங்கிய கடனை அடைக்கவும் போனது. இதை எதிர்த்து மார்ட்டின் லூதர் அதே ஆண்டில் எழுதிய 95 கருத்துரைகளில் 36ஆவது, உண்மையாக மனந்திரும்பும் கிறிஸ்தவருக்குச் சீட்டு இல்லாமலே முழு மன்னிப்பு உண்டு என்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையும் 1567இல் பணத்துக்காக இதை வழங்குவதைத் தடை செய்தது. ஒரு சபைப் பிரிவின் மேல் மட்டும் போட்டுவிடக்கூடிய பழி இல்லை இது. காணிக்கையை ‘விதை’ என்று சொல்லி வாங்கிக்கொண்டு, அறுவடை வராதபோது ‘உங்கள் விசுவாசம் போதவில்லை’ என்று சொல்லும் பிரசங்கங்கள் இன்றைக்கும் உண்டு. பழி இங்கேயும் ஏமாந்தவர் மேல்தான் விழுகிறது. ஏழைகளுக்கு நற்செய்தி என்று தொடங்கிய ஒன்றில் இது நடப்பதைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

இதனால் விசுவாசத்தில் எல்லாமே எளிது என்று சொல்லிவிட முடியாது. திரித்துவம், துன்பம், தேவனால் தெரிந்தெடுக்கப்படுதல் எல்லாம் உள்ளபடியே ஆழமானவை. ஆழத்துக்கும் மயங்கவைத்தலுக்கும் வேறுபாடு, கேள்வி கேட்டுப் பார்த்தால் தெரியும். ஆழமான விஷயத்தில் கேட்கக் கேட்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் துலங்கும். தெரியாத இடத்தில் போதகரே ‘தெரியாது’ என்று நிறுத்திவிடுவார். மயங்கவைப்பவரிடம் கேட்டால் புதிதாக இன்னும் பத்துச் சொற்கள் வரும். விடாமல் கேட்டால் கோபம் வரும். பிறவிக் குருடனாயிருந்து இயேசுவால் ஓய்வுநாளில் பார்வை பெற்றவனை, பரிசேயர் என்ற யூத மதக் குழுவினர் திரும்பத் திரும்ப விசாரித்தது அப்படித்தான். ஓய்வுநாள் சட்டம், மோசே, இயேசு பாவியா இல்லையா என்று சுற்றிச் சுற்றி வந்தார்கள். அவன், ‘நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன், இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்’ என்றான். கடைசியில் அவனை வெளியே தள்ளிவிட்டார்கள்.

சரி, இதற்குத் தமிழில் என்ன சொல்வது? ‘குழப்பம்’ என்றால் நிலைமையைச் சொல்கிறது, அதைச் செய்தவரைச் சொல்லவில்லை. ‘மழுப்பல்’ பதில் சொல்லாமல் நழுவுவது. ‘பூசி மெழுகுதல்’ நடந்துவிட்ட தவற்றை மூடுவது. ‘இருட்டடிப்பு’ என்பதில் லத்தீன் மூலத்தில் இருக்கும் இருள் அப்படியே இருக்கிறது. ஆனால் செய்தியே வெளிவராமல் தடுப்பதற்கு அது வழக்கில் நிலைத்துவிட்டது. நம் வேதாகமத்தின் யோபு 38:2, ‘அறிவில்லாத வார்த்தைகளினால் ஆலோசனையை அந்தகாரப்படுத்துகிற இவன் யார்’ என்று கேட்கிறது. ‘அந்தகாரப்படுத்துதல்’ சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது என்றாலும் அன்றாடப் பேச்சுக்குக் கனமானது.

பொருத்தமான சொல்லை நம் இலக்கணக்காரர்கள் முன்பே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைச் சொல்லும் நன்னூலில் ‘மயங்கவைத்தல்’ ஒன்று. படிப்பவர் பொருள் இதுவா அதுவா என்று மயங்கும்படி செய்வது அது. தொல்காப்பிய மரபியலில் ‘மயங்கக் கூறல்’ என்று இருக்கிறது. ‘வைத்தல்’ என்று வரும்போது ஒருவர் இன்னொருவருக்குச் செய்கிற செயல் என்பது தெளிவாகிறது என்பதால் நன்னூலின் சொல்லையே நான் எடுத்துக்கொள்வேன். அந்த நூல் குற்றமாகப் பட்டியலிட்டது எழுதுபவரின் திறமைக்குறைவையும் சேர்த்துத்தான். ‘வேண்டுமென்றே’ என்ற பொருளை வழக்கில் நாம் கொடுத்துக்கொள்ள வேண்டும். எதிர்ச்சொல்லும் தேட வேண்டியதில்லை. நூலுக்குரிய பத்து அழகுகளில் ‘விளங்கவைத்தல்’ இருக்கிறது.

‘மயங்கவைக்கும் விளம்பரம்’, ‘விதிமுறைகளை மயங்கவைத்து எழுதியிருக்கிறார்கள்’, ‘பிரசங்கி வசனத்தை மயங்கவைக்கிறார்’ என்றெல்லாம் தாராளமாகப் பயன்படுத்தலாம். ‘மயக்கும் விளம்பரம்’ என்று மட்டும் சுருக்கிவிடக் கூடாது. அது கவர்ச்சியான விளம்பரம் என்று பொருள் தந்துவிடும். நிரலைப் பற்றிப் பேசும்போது ‘நிரல் மயக்கம்’ போதும்.