கடையில் கேம் மெஷின் வைக்கும் முன் படித்துவிடுங்கள்

சேலத்தில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பி டீக்கடை வைத்திருந்தான். ஒருவர் வந்து, காயின் போட்டு ஆடும் மெஷின் ஒன்றைக் கடை மூலையில் வைத்துக்கொள், வசூலில் பாதி உனக்கு என்றார். தொழில் உரிமம் எடுத்தாயிற்று என்று ஒரு தாளையும் காட்டினார். சோதனை வந்த அன்று அவருடைய போன் அணைந்து கிடந்தது. வழக்கு தம்பி மேல்தான் விழுந்தது. அவனை மாதிரி இன்னொருவர் மாட்டக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

சட்டம் பழையது, 1930-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சூதாட்டச் சட்டம். பெரும்பாலும் திறமையால் ஆடும் விளையாட்டுக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. மாநகராட்சி தரும் தொழில் உரிமம் கடை நடத்துவதற்கான அனுமதி, அவ்வளவுதான். காசு போட்டால் அதிர்ஷ்டத்தில் காசு கொட்டும் மெஷினை அந்தத் தாள் காப்பாற்றாது. அப்படி ஒரு மெஷினுக்கு "லைசென்ஸ் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது முன்பணம் கேட்டால், கொடுக்காதீர்கள்.

மெஷின் யாருடையது என்பது உங்களைக் காப்பாற்றாது. தன் இடத்தைச் சூதாட்டத்துக்கு விட்டவரும் இந்தச் சட்டப்படி குற்றவாளிதான். சீட்டு மேசை போடுபவர்கள், "நாங்கள் ஆடுவதில்லை, மேசை வாடகைதான் வாங்குகிறோம்" என்பார்கள். ஐயா, இடத்துக்கோ ஆட்டக் கருவிக்கோ கட்டணம் வாங்கி லாபம் பார்ப்பதைத்தான் சட்டம் பொதுச் சூதாட்ட இடம் என்கிறது. இதை வாக்குமூலத்தில் நீங்களே சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள்.

வெறும் வீடியோ கேம் என்றால் பயமில்லை என்றும் நினைக்க வேண்டாம். வீடியோ கேம் மெஷினிலும் அதிர்ஷ்டம் மேலோங்கினால் அது சூதுதான் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. பழைய மெஷின் வாங்குவதாக இருந்தால் உள்ளே எதையாவது மாற்றியிருக்கிறார்களா என்று ஆள் வைத்துப் பாருங்கள். பரிசாகப் பணம் தராதீர்கள். டோக்கனைத் திருப்பி வாங்கிக்கொண்டு பணம் கொடுப்பதும் அதே கதைதான்.

சரி, குழந்தைகள் ஆடும் மெஷின், கார் ஓட்டும் கேம், இதெல்லாம் வைக்கலாம். ஆனால் எந்த அலுவலகத்துக்குப் போவது? இங்கேதான் ஆட்கள் தேய்கிறார்கள். முகவரியில் சேலம் என்று இருந்தாலும் இடம் கன்னங்குறிச்சியில் இருந்தால் பேரூராட்சியில்தான் விண்ணப்பம். மாநகராட்சி எல்லைக்குள் என்றால் சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி ஆகிய நான்கு மண்டலங்களில் உங்கள் வார்டு எதில் வருகிறது என்று பார்த்துப் போங்கள். காவல் துறையும் அப்படித்தான்: நகருக்குள் மாநகரக் காவல் ஆணையர், ஏற்காட்டில் மாவட்டக் கண்காணிப்பாளர். தவறான கவுன்ட்டரில் பத்து நாள் நின்ற பிறகுதான் "இது எங்களுடையதில்லை" என்பார்கள். முதல் நாளே சொல்ல என்ன கஷ்டமோ தெரியவில்லை.

கட்டட உரிமையாளர் சொத்து வரி பாக்கி வைத்திருந்தால் உங்கள் விண்ணப்பம் நகராது. வீட்டு உபயோகம் என்று வரி போட்ட இடத்தில் கடைக்கு உரிமம் கேட்டாலும் சிக்கல்தான். வாடகை ஒப்பந்தம் போடும் முன்பே வரி ரசீதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். முன்பணம் கைமாறிய பிறகு கேட்டால் "பார்த்துக்கலாம்" என்ற பதில்தான் வரும். ஏற்காட்டில் கோடை விழாவை நம்பிக் கடை எடுப்பவர்கள், மே மாதத்தில் அலையத் தொடங்கினால் சீசன் முடிந்த பிறகுதான் தாள் கைக்கு வரும். பொங்கல் முடிந்ததுமே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.

எதைக் கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டு இல்லாமல் திரும்பாதீர்கள். வாய்மொழியாக "குறை இருக்கு" என்றால் எழுத்தில் கேளுங்கள். பதிலே வராவிட்டால் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, விண்ணப்பம் யார் மேசையில் எத்தனை நாள் இருந்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கும் மனுவுக்கும் எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

சோதனை வந்துவிட்டால் அப்புறம் வாக்குவாதம் வேண்டாம். சோதனை போட்ட இடத்தில் ஆட்டக் கருவி கிடைத்தாலே அது சூதாட்ட இடம்தான் என்று எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. இல்லையென்று காட்டுவது உங்கள் பொறுப்பு. எடுத்துப் போகும் ஒவ்வொரு பொருளும், கல்லாவில் இருந்த பணமும், எண்ணிக்கையோடு மகஜரில், அதாவது பறிமுதல் பட்டியலில், ஏறியிருக்கிறதா என்று படித்துப் பார்த்து நகல் கேளுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வழக்கறிஞர் வைக்கக் காசில்லை என்றால் சேலம் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். அந்த மகஜர் நகலைக் கையோடு எடுத்துப் போங்கள்.